ஒரு கத்திரிக்கோல் எடை

"மெதுவா, மெதுவா... உங்க பக்கம் ஏறுது..."

"என் பக்கம் ஏறலை, உன் பக்கம்தான் இறங்குது. விரலை நேரா வை."

"விரல் நேராத்தான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க. முதல் தடவை நான்தான் ஓட்டுவேன்னு அன்னிக்கே..."

"ஓட்டு, யாரு வேணாம்னா? ரெண்டாவது தடவை ஓட்டு. அது பறக்குமான்னு முதல்ல ஒருத்தன் பாக்கணும்ல..."

"அந்த ஒருத்தன் எதுக்கு எப்பவும் நீங்களாவே இருக்கணும்?"

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான்!"

"அதுல ஒரு பஸ்ஸாவது ஆகாசத்துல ஓட்டினீங்களா?"

"கையை ஆட்டாதேன்னு சொன்னேன்!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, மேல் இறக்கையின் அடியில் இரண்டு விரல்களை மட்டும் கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நுனிக்கு நுனி ஏழடி. அது கொள்ள வேண்டும் என்பதற்காக முன்னறையில் சோபா செங்குத்தாகச் சுவரில் சாய்ந்து நின்றது. டிவி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தக் காலத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்று இருந்த இரட்டை இறக்கை விமானத்தின் நாலில் ஒரு பங்கு அளவு. பெட்ரோல் இஞ்சின், நிஜத்தைப் போலவே துணி போர்த்திய இறக்கைகள். ரிமோட்டில் பறப்பது. இன்னும் பறக்கவில்லை, அவ்வளவுதான்.

துணி போர்த்தியவள் அவள்தான். சீட் கவரும் திரைச்சீலையும் தைக்கிற கடையில் வேலை. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லாரும் அவளைத் தையல்காரம்மா என்பார்கள், அவரை டிரைவர் என்பார்கள். பழைய விமானங்களில் துணியை இறக்கையின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் சேர்த்துத் தைத்திருப்பார்கள் என்று படித்ததிலிருந்து, வளைந்த ஊசியை எடுத்துக்கொண்டு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தையல் போட்டாள். அதற்கு மட்டும் ஐந்து மாதம். சட்டம் அறுத்தது, ஒட்டியது, வால் பூட்டியது எல்லாம் சேர்த்து இரண்டு வருடம். இஞ்சினும் கம்பிகளும் மட்டும் டிரைவர் பொறுப்பு. வழக்கமாக ஓட்டுவதும் அவர்தான், உடைப்பதும் அவர்தான்.

இதற்கு முன் செய்த இரண்டில் முதலாவது வால் கனத்துப் போய், எழும்பியதுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு, எதையோ மறந்துவிட்டு வந்த ஆள் மாதிரி நடுவானில் ஒரு கணம் நின்றது. அப்படியே பின்பக்கமாக விழுந்தது. இரண்டாவது சூரியனுக்கு நேரே போய்க் கண் கூச்சத்தில் மறைந்தது, மறுபடி தெரிந்தபோது எதிரே மரம். இரண்டு முறையும் அவள் ஒரு வார்த்தை பேசாமல் சிதறியதைப் பொறுக்கித் தலையணை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதனால்தான் இன்றைக்கு இந்த எடைப் பரிசோதனை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பதினோரு சென்டிமீட்டர் தள்ளி, துணிக்கடைச் சாக்பீஸால் இரண்டு பக்கமும் நீலப்புள்ளி வைத்திருந்தாள். அந்தப் புள்ளியில் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு ஒரு நெல்லளவு தாழலாம். முதலில் தூக்கியபோது வால் தொங்கியது. அவள் தன் கத்திரிக்கோலை மூக்கின் மேல் வைத்து நாடாவால் கட்டினாள். மறுபடி தூக்கினார்கள். மட்டம் போட்டு வைத்த மாதிரி நின்றது.

"ஒரு கத்திரிக்கோல் எடை ஈயம் முன்னாடி வைக்கணும்" என்றார் டிரைவர்.

"வைக்கலாம். யாரு ஓட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டு வைக்கலாம்."

"அந்தத் தெர்மாகோல் பிளேனை நாலு தடவை சுத்த விட்டதெல்லாம் ஒரு ஓட்டமா?"

"நாலு தடவை இல்லை, நாற்பத்தோரு தடவை. பிளேன் கிளப்புல சோதிச்சுப் பாத்துதான் ஓட்டலாம்னு அட்டை குடுத்திருக்காங்க."

"தெர்மாகோல்டி அது! விழுந்தா ஒட்டிக்கலாம்."

"தெர்மாகோலோ என்னவோ, போன மாதிரியே திரும்பி வந்துச்சு. நீங்க ஓட்டின ரெண்டும் தலையணை உறையிலதானே வந்துச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது அவளுக்கு. டிரைவர் முகம் உம்மென்று ஆகிவிட்டது. ஆனாலும் விரலை எடுக்க முடியாது. இருவரும் எதிரெதிரே நின்றபடி, கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக விமானத்தைத் தரையில் இறக்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் நாடாவைப் பிரித்துக் கத்திரிக்கோலை எடுத்துத் தையல் பெட்டியில் போட்டாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு ஒன்பது நாள் பேச்சு இல்லை.

பேச்சுதான் இல்லை, வேலை நடந்தது. அவருக்கு விடிகாலை ஷிப்ட். மதியம் வந்து விமானத்தோடு உட்காருவார். அவள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து உட்காருவாள். ஒருவர் உட்காரும் நேரம் மற்றவருக்குக் கடைக்குப் போக வேண்டிய அவசரம் ஏதாவது வந்துவிடும். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டினார்கள். 'பின்சக்கரம் ஆடுகிறது' என்று இறக்கையில் ஒரு சீட்டு இருக்கும். மறுநாள் அதன் கீழேயே 'இப்போது ஆடவில்லை' என்று இருக்கும். ஒவ்வொரு ஸ்குரூவிலும் கழலாமல் இருக்க ஒரு சொட்டுப் பசை வைத்தது அவர். வைத்தாயிற்று என்பதற்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது அவள். ரிமோட்டின் சைகையை வாங்குகிற ரிசீவரைப் பஞ்சில் சுற்றி உள்ளே படுக்க வைத்தாள். சுக்கானை இழுக்கிற கம்பி இரண்டு மில்லிமீட்டர் அதிக நீளம் என்று அவர் அறுத்துத் திருத்தினார்.

சண்டை நடந்தது பொம்மையின் முகத்தில். விமானத்தில் உட்காருகிற ஓட்டுநர் பொம்மை அது. தலையைச் செதுக்கியது அவர். தோல் கோட்டும் கழுத்துத் துணியும் தைத்துப் போட்டது அவள். மீசை இல்லாமல் இருந்த பொம்மைக்குச் சனிக்கிழமை மதியம் கறுப்பு மையில் மீசை முளைத்தது. அவருக்கு இருப்பது போலவே, இரண்டு பக்கமும் கீழே வழிகிற மீசை. சாயங்காலம் அவள் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துச் சவரம் செய்துவிட்டாள். திங்கள் மதியம் மறுபடி முளைத்தது, முன்னைவிட அடர்த்தியாக. செவ்வாய் சாயங்காலம் போனது. பொம்மையின் மேலுதடு தேய்ந்துகொண்டே வந்தது.

ஈயம் வைக்கிற வேலை ஒன்றுதான் பாக்கி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற மனிதர் இதை எங்கே செய்யப் போகிறார் என்று நினைத்தாள் அவள். திரைச்சீலை காற்றில் எழும்பாமல் இருக்க அடிமடிப்பில் வைத்துத் தைக்கிற ஈய மணிச்சரம் கடையில் உண்டு. செவ்வாய்க்கிழமை அதில் கத்திரிக்கோல் எடைக்கு நிறுத்து வாங்கி வந்து, தோல் பட்டைக்குள் வைத்துத் தைத்து, மூக்கு மூடியைக் கழற்றி, இஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற பேட்டரிப் பெட்டியைச் சுற்றிக் கச்சிதமாகக் கட்டினாள். பார்க்கிறவர்களுக்குப் பெட்டிக்கு மெத்தை போட்ட மாதிரி இருக்கும். மூடியைப் பூட்டினாள்.

வைத்தது சரியா என்று தூக்கிப் பார்த்துவிடலாம்தான். ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும். 'கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க' என்று யாராவது வாயைத் திறக்க வேண்டும். நிறுத்துத்தானே வைத்திருக்கிறோம், அவர் வாயைத் திறக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வேனைக் கொண்டுவந்தான். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். கிளப்பில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இந்த வருடம் பெரிய விமானங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு அவனிடம். அவன் கையெழுத்து இல்லாமல் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட எதுவும் கிளப் மைதானத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. இறக்கைகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றி வைத்தார்கள். உடல் நடுவில் கிடக்க, அக்கா ஒரு ஓரம், மாமா ஒரு ஓரம். பொம்மைக்கு முறுக்கிவிட்ட மீசை இருப்பதை அவள் வேனில்தான் பார்த்தாள். ராத்திரியோ காலையிலோ போட்டிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, வண்டியில ஏசி போட்ட மாதிரி இருக்கு?" என்றான் தம்பி.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

"மாமா?"

"அதான் சொல்றாங்கல்ல, ரோட்டைப் பாரு மாப்ளே."

மைதானத்துக் கொட்டகையில் நீள மேஜை. இறக்கைகளைப் பூட்டி முடித்ததும் தம்பி கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு அக்காவும் இல்லை, மாமாவும் இல்லை.

"இப்பவே சொல்லிடறேன். சொந்தம்னு விட்டான்னு ஒருத்தன் வாயில நான் விழக் கூடாது. ஒரு ஸ்குரூ ஆடினாலும் வீட்டுக்குத்தான்."

ஒவ்வொரு சுக்கானையும் பிடித்து இழுத்துப் பார்த்தான். பின்னால் போய் நின்றுகொண்டு அக்காவிடம் ரிமோட்டைக் கொடுத்து இடது, வலது, மேலே, கீழே என்று சொல்லச் சொல்ல, எல்லாம் சொன்ன பக்கம் திரும்பியது. ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்து முப்பதடி, அறுபதடி, நூறடி என்று நடக்கச் சொன்னான். அங்கிருந்தும் வால் ஆடியது. குனிந்து கீழ் இறக்கைக்கு அடியில் பார்த்தவன் ஏதோ ஒன்றைப் பிய்த்து எடுத்தான்.

"'இடது சக்கரம் லூஸ். நான் சொல்லலைன்னு நாளைக்குச் சொல்ல வேண்டாம்.' இது யாரு யாருக்கு எழுதினது?"

இருவரும் வேலியைப் பார்த்தார்கள்.

"சரி, சக்கரம் டைட்டாத்தான் இருக்கு. எடை பாக்கலாம். ஆளுக்கொரு பக்கம் தூக்குங்க."

அன்றைக்குப் போலவே எதிரெதிரே நின்று, நீலப்புள்ளியில் விரலைக் கொடுத்துத் தூக்கினார்கள். மேஜையை விட்டு ஒரு சாண் கூட எழும்பவில்லை. மூக்கு குப்புறக் கவிழ்ந்து வால் எகிறியது. பொம்மையின் தலை முன் கண்ணாடியில் 'டொக்' என்று இடித்தது.

"வை, வை, கீழ வை!" தம்பி ஓடி வந்து வாலைப் பிடித்தான். "என்ன இது, பாறாங்கல்லைக் கட்டிட்டு வந்திருக்கீங்களா? யாரு ஈயம் வெச்சது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"நான்தான்" என்றார் அவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

தம்பி லென்ஸைக் கழற்றினான். "எவ்வளவு?"

"ஒரு கத்திரிக்கோல்."

"மாமா நீங்க?"

"அதேதான். ஒரு கத்திரிக்கோல்."

மூக்கு மூடியைக் கழற்றினார்கள். பேட்டரிப் பெட்டியைச் சுற்றி அவள் தைத்த தோல் பட்டை. இஞ்சினுக்கு அடியில், பஸ் சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் அடிக்கிற ஈயக்கட்டிகள் மூன்றை ஒரு தகட்டில் வைத்து இரண்டு ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தது. ஸ்குரூ தலையில் பசை இருந்தது. சிவப்புப் புள்ளி இல்லை.

"இதை எப்ப வெச்சீங்க?" ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வியாழக்கிழமை."

"அப்ப என் பட்டை கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. பெட்டிக்குக் கூட மெத்தை தைச்சுப் போட்டிருக்காளேன்னு நினைச்சேன். நீதான் எதுக்கு வேணா உறை தைப்பியே!"

"வெச்சதும் என்னைக் கூப்பிட்டுத் தூக்கிப் பாத்திருக்கலாம்ல?"

"நீ மட்டும் வெச்சப்ப என்னைக் கூப்பிட்டியா?"

தம்பி மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "இப்படியே மேல போயிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? மேல எங்க போறது, அந்த ஓடுபாதை முனையிலேயே மூக்கு மண்ணுல குத்தியிருக்கும். கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு? ஈயத்தைக் கூடச் சொல்லிக்காம வைப்பீங்களா?"

"வால்ல கொஞ்சம் ஈயம் வெச்சா சரியாயிடும்ல மாப்ளே?" என்றார் டிரைவர்.

"வால்ல ஒரு கிராம் ஏத்த விடமாட்டேன்" என்றாள் அவள். "ரெண்டுல ஒண்ணை எடுக்கணும். எதைன்னு சொல்லுங்க, பிரிச்சுத் தர்றேன்."

டிரைவர் பட்டையைத் தடவிப் பார்த்தார். சின்னச் சின்னத் தையல், ஒரு நூல் பிசிறு கிடையாது. பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"உன்னது தைச்சது. என்னது ரெண்டு ஸ்குரூ." பசை விட்டுக்கொடுக்காமல் கிரீச்சிட்டது. தகட்டோடு கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

மறுபடி தூக்கினார்கள். இந்த முறை மட்டமாக எழும்பியது. மூக்கு ஒரு நெல்லளவு தாழ்ந்து அப்படியே நின்றது. கொட்டகையில் காற்று வந்து இறக்கையைத் தொட்டபோது லேசாக அசைந்து மறுபடி அதே இடத்துக்கு வந்தது. தம்பி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இதுக்கு மேல சரியா வைக்க முடியாது. இறக்குங்க."

இறக்கவில்லை இருவரும். பிடித்தபடியே நின்றார்கள்.

"நான் சொன்னது தப்புதான்" என்றாள் அவள், இறக்கையைப் பார்த்துக்கொண்டே. "அந்தத் தலையணை உறைப் பேச்சு."

"தப்பெல்லாம் இல்லை. ரெண்டு தடவை உடைச்சேன், ஒரு வார்த்தை சொல்லலை நீ. நீ பாட்டுக்குப் பொறுக்கி எடுத்துட்டு வந்தே. எப்ப சொல்லுவே எப்ப சொல்லுவேன்னு எனக்கு உள்ளுக்குள்ள இருந்துச்சு. அன்னிக்குச் சொன்னதும் ஒரு மாதிரி நிம்மதியாத்தான் இருந்துச்சு."

"நிம்மதியா இருந்தவர் எதுக்கு ஒன்பது நாள் பேசலை?"

"நீ பேசலை, அதனால நான் பேசலை. அது வேற கணக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு. நான் ஓட்டி உடைஞ்சா நீ என்னைத் திட்டலாம். உன் கையாலேயே உடைஞ்சுதுன்னு வை, ரெண்டு வருஷ வேலை, அப்ப யாரைத் திட்டுவே?"

அவள் யோசித்தாள். "அப்பவும் உங்களைத்தான்."

தம்பி சிரித்துவிட்டான். டிரைவருக்கும் மீசை ஆடியது.

"இறக்குங்கப்பா முதல்ல" என்று தம்பி படிவத்தை எடுத்தான். "எடை சரி. சுக்கான் சரி. ரிமோட் சரி. செஞ்சவங்க பேர் போட்டாச்சு. முதல் ஓட்டம் யாரு ஓட்டுறது? ஒருத்தர் பேர்தான் எழுதலாம். வீட்டுல போய் முடிவு பண்றோம்னா அடுத்த மாசம்தான் வரணும்."

ஓட்டுவேன் என்று சத்தம் போட்டவள், பேனா எதிரே வந்ததும் அதைத் தொடவில்லை. ஆயிரத்து நூறு தையலும் கண் முன்னால் வந்து நின்றன. தெர்மாகோல் விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அவர் சொன்னது அதுதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் செய்த ஒவ்வொரு நாளும், இழுத்துக் கட்டிய ஒவ்வொரு நூலுக்கும், இது மேலே போகும்போது தன் விரலில் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள். வேலியோரம் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதை நினைத்தது கிடையாது.

டிரைவர் கருவிப் பெட்டியைக் கிளறினார். கத்தரித்த உப்புத்தாள் துண்டு ஒன்றை எடுத்தார். விமானத்தின் மேல் குனிந்து, பொம்மையின் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சர் சர்ரென்று மேலுதட்டைத் தேய்த்தார். முறுக்கு மீசை தூளாக உதிர்ந்தது. குனிந்து ஊதிவிட்டார்.

"எழுது மாப்ளே. உங்க அக்கா பேரை."

தம்பி எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

புல்வெளி ஓடுபாதையில் காற்று எதிர்முகமாக இருந்தது. டிரைவர் மண்டியிட்டு வாலைப் பிடித்துக்கொள்ள, தம்பி மூக்கிலிருந்த காற்றாடியைச் சுழற்றினான். மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது. புல் பின்பக்கமாகச் சாய்ந்தது. அவள் ரிமோட்டின் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுக்கான்களை ஒருமுறை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். வால் விடுபட்டது. அவர் ஓடி வந்து அவள் இடது பக்கம் நின்றுகொண்டார்.

"அவசரப்படாதே. தானா எழும்பும். இழுக்காதே, இழுக்காதே..."

"காதுகிட்ட கத்தாதீங்க."

"கத்தலை. சொல்றேன்."

வால் முதலில் எழும்பியது. ஆடி ஆடி ஓடிய சக்கரங்கள் ஒரு தடவை புல்லைத் தொட்டு விட்டு, மறுபடி தொட்டு, அதற்குப் பிறகு தொடவில்லை. அவர் வலது கால் பிரேக்கைத் தேடிப் புல்லை அழுத்திக்கொண்டே இருந்தது. விமானம் வேலியைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, வலது பக்கம் சாய்ந்து திரும்பியது. அப்போது வெயில் இறக்கையின் துணி வழியாக வந்தது. உள்ளே இருக்கிற குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றும், அதன் மேல் வரிசையாகத் தையலும், கீழே இருந்தே தெரிந்தன. மூக்கைத் தூக்கவில்லை, கவிழவில்லை. விரலைக் கொஞ்சம் அசைத்தால் கொஞ்சம் அசைந்தது.

ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. அவள் சூரியன் பக்கம் போகாமல் திருப்பினாள். பின்னால் தம்பி மூச்சுவிடுவது கேட்டது. பக்கத்தில் சட்டைப் பையில் ஈயம் தொங்க நின்றவர் ஒரு அடி நெருங்கி வந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"ஏய்... ரொம்ப நேரமா நின்னுட்டிருக்கியே, அடுத்த சுத்து மட்டும் நான் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா?"